புராஸ்டேட் நலனுக்காகக் கிரீன் டீ அருந்தும் முறை

கிரீன் டீயிலுள்ள கேட்டச்சின்கள் எனும் தாவர வேதிப்பொருள்களே, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. அச்சுரப்பியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் கொண்ட 60 ஆண்களிடம் இத்தாலியில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கேட்டச்சின் மாத்திரை உட்கொண்ட 30 பேரில் ஒருவருக்கும், வெற்று மாத்திரை உட்கொண்ட 30 பேரில் 9 பேருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஆனால் 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அத்தகைய தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஆகவே இதனை மருந்தாகக் கருதாமல் பானமாகவே கொள்ளுங்கள்.

கொதித்த நீரைச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, ஏறத்தாழ 80 டிகிரி சூட்டில் ஒரு தேக்கரண்டி இலையை இட்டு, 2 அல்லது 3 நிமிடங்களில் வடித்துவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் கசக்கும். சர்க்கரை வேண்டாம்.

இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுபவர்கள் மாலைக்குப் பின் இதைத் தவிர்ப்பதே நல்லது, ஏனெனில் காஃபீன் அத்தொல்லையைக் கூட்டக்கூடும். இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுப்பதால், உணவோடு சேர்த்து அருந்தாதீர்கள்.

செறிவூட்டிய கிரீன் டீ மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் ஒருபோதும் வாங்கி உட்கொள்ளாதீர்கள். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலோ சிறுநீர் அடைபட்டாலோ, தேநீரை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.