சருகு இல்லாமல் உரத் தொட்டி வாங்காதீர்கள்

எங்கள் குடியிருப்பில் போன மாதம் மூன்று வீடுகளில் சமையலறைக் குப்பையை உரமாக்க ஆரம்பித்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் கதவு திறந்ததுமே ஒரு வாடை வந்தது பாருங்கள், எட்டு வருஷத்துக்கு முன்னால் என் பால்கனியிலிருந்து கிளம்பிய அதே வாடை. பிளாஸ்டிக் கவரைப் போடாதீர்கள் என்றெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை, அது எல்லாருக்கும் தெரியும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் செய்கிற மற்றத் தப்புகளைத்தான் கீழே சொல்கிறேன்.

ஈரக் குப்பையை மட்டும் கொட்டுவது

நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. அப்போது வேளச்சேரியில் இரண்டாவது மாடி. 1,800 ரூபாய்க்கு ஒரு டிரம் வாங்கி, பூசணித் தோல், கீரைத் தண்டு, டீத்தூள், மிஞ்சின ரசம் சாதம் என்று தினமும் கொட்டி, ஈ வரக்கூடாதே என்று மூடியை வேறு இறுக்கி மூடினேன். பன்னிரண்டாம் நாள் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீர் கசிந்து, கீழ்வீட்டு மாமி கொடியில் உலர்த்தியிருந்த வெள்ளை வேட்டியில் சொட்டியிருந்தது. மாமி திட்டவில்லை, வேட்டியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார், அதுதான் தாங்கவில்லை. புது வேட்டி வாங்கிக் கொடுத்தேன், டிரம் பழைய சாமான் கடைக்குப் போனது, அப்புறம் ஒரு வருஷம் உரம் பக்கமே தலைவைக்கவில்லை.

காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது அமுங்கி, உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் போனால், மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் அடங்கி, காற்றே தேவைப்படாதவை ஆட்டம் போடும். அந்த நாற்றம் அவற்றின் வேலை, கூடவே மீத்தேனும் வரும். சென்னையில் கொடுங்கையூர்க் குப்பை மலைக்குள் நடப்பதும் இதேதான். அதாவது நான் செலவு செய்து பால்கனியில் ஒரு குட்டிக் கொடுங்கையூரை உண்டாக்கியிருந்தேன்.

ஒரு கிண்ணம் ஈரக் கழிவு என்றால் மேலே இரண்டு கிண்ணம் காய்ந்த சருகு. இல்லாவிட்டால் தேங்காய் நார்த்தூள், கிழித்துப் போட்ட அட்டைப்பெட்டி. தொட்டியின் பக்கவாட்டில் ஓட்டைகள் வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் சருகு போதவில்லை. மாசி, பங்குனியில் வேப்பமரம் கொட்டித் தீர்க்கும்போது தெரு பெருக்குகிற அக்காவிடம் சொல்லி வைத்தால் சாக்கில் கட்டித் தருவார், இல்லையென்றால் அது தெருமுனையில் கொளுத்தப்பட்டுப் புகையாகும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு காய்ந்த சருகுக்கு எங்கே போவீர்கள்? அதனால்தான் யார் யோசனை கேட்டாலும் முதலில் சருகு மூட்டையைக் காட்டுங்கள் என்பேன், தொட்டியை அப்புறம் வாங்கலாம்.

எண்ணெய், மீன் முள், மிச்சச் சோறு

கை பழகும்வரை வேண்டாம்.

புழுவுக்கு மருந்து அடிப்பது

கடிக்காது. குப்பையைத்தான் தின்கிறது. விடுங்கள்.

தினமும் கிளறுவது

வாரம் ஒரு தடவை போதும்.

அவசரம்

மூன்றாம் மாடிக்காரர் இருபதாம் நாளே அள்ளி மல்லிகைக்குப் போட்டுவிட்டு, இலை பழுக்கிறதே என்று என்னிடம் கேட்டார். பாதி மக்கியது மண்ணில் போன பிறகும் மக்கிக்கொண்டேதான் இருக்கும், செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அது இழுத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கும் இரண்டு மாதமாவது ஆகும். கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் மாதிரி மணந்தால் சலித்து எடுங்கள். மாங்கொட்டை மட்டும் அப்படியே கிடக்கும், அதை அடுத்த தொட்டியில் போட்டுவிடுங்கள்.