பம்பரில் பெயின்ட் உரிந்ததற்குக் காரணம் அந்த நீலக் கருப்பு ஓடு

ஜீப்பின் இரும்பு பம்பருக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தேன். இரண்டு தடவையும் கல் தெறித்த இடத்தில் செதில் செதிலாகக் கழன்றது. பிரைமரை (பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) மாற்றினேன், ஒரு கோட் கூட்டினேன். பலனில்லை. கழன்ற செதிலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அடியில் நீலக் கருப்பாக மெல்லிய ஓடு. சூடாக உருட்டிய தகட்டின் மேல் படியும் ஆக்சைடு அது. வழவழவென்று சுத்தமாகத் தெரியும். பெயின்ட் பிடித்திருந்தது அதைத்தான், இரும்பை அல்ல.

எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைத்துவிட்டு, கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) மாட்டி வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்தேன். கூரான விளிம்புகளையும் மழுக்கினேன். அங்கே பெயின்ட் மெலிந்து நிற்கும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். 80 நம்பர் உப்புத்தாள், மறுபடி தின்னர், அன்றைக்கே எபாக்சி பிரைமர், மேலே பாலியூரித்தேன் பெயின்ட் இரண்டு கோட். ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. இப்போது கல் பட்டால் சின்னப் புள்ளிதான் விழுகிறது, செதில் கிளம்பவில்லை. பெரிய நிம்மதி.