எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு: பெங்களூரில் இலைத்துளைப்பான் அந்துப்பூச்சிகளைத் தேடிப் பார்ப்பது எப்படி?

அந்துப்பூச்சி பார்ப்பவர்கள் இரவில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு போட்டுக் காத்திருப்பார்கள். இலைத்துளைப்பான்களுக்கு அது தேவையில்லை. பட்டப்பகலில், பால்கனித் தொட்டியிலேயே தேடலாம். வளர்ந்த பூச்சி எள்ளளவுதான் இருக்கும், கண்ணில் படுவது கஷ்டம். ஆனால் அதன் புழு இலையின் தோலுக்கு அடியில் புகுந்து தின்றபடியே நகர்கிறது. அது போன வழி இலையில் அப்படியே நிற்கும். அதனால் பூச்சியைத் தேடாதீர்கள், தடத்தைத் தேடுங்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மொபைல், மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள், டிஷ்யூ பேப்பர், பென்சில். இவ்வளவு போதும்.

படி 1: எலுமிச்சையில் தொடங்குங்கள்

அல்சூரோ ஸ்ரீராமபுரமோ, நம்மவர்கள் வீட்டு மொட்டைமாடியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் தொட்டியும் இருக்கும். முற்றிய இலைகளை விட்டுவிட்டுக் கொழுந்தைப் பாருங்கள். மழைக்குப் பிறகு புதுத் துளிர் வரும் சமயம் இதற்கு நல்ல காலம். இலையில் வெள்ளிப் பளபளப்போடு வளைந்து நெளிந்து ஒரு கோடு ஓடும். அதன் நடுவில் ஓடும் மெல்லிய கருங்கோடு புழுவின் எச்சம்.

கோட்டின் மிக ஒல்லியான முனையைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது நடுநரம்பின் ஓரமாக இருக்கும். முட்டை இருந்த இடம் அது. அங்கிருந்து தொடர்ந்தால், புழு வளர வளரக் கோடும் அகலமாகிக்கொண்டே போவது தெரியும். அகலமான முனையில் லென்ஸை வையுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் மஞ்சள்பச்சை நிறத்தில் தட்டையான புழு உள்ளேயே இருக்கும். அதன் தாடைகள் மெல்லிய தகடு மாதிரியானவை. தோல் செல்களை அறுத்து, வழியும் சாற்றைக் குடிக்கிறது. அடியிலுள்ள பச்சையத்தைத் தொடுவதில்லை. உரிந்த தோலுக்குள் காற்று புகுவதால்தான் அந்த வெள்ளி நிறம்.

இதன் பெயர் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளை வைத்து இதை விவரித்தார். நம் நாட்டுப் பூச்சி 1993இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

படி 2: அந்துப்பூச்சியா, ஈயா?

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். இலைக்குள் சுரங்கம் போடுவது அந்துப்பூச்சி மட்டுமல்ல. சில ஈக்கள், வண்டுகள், குளவி இனங்களும் போடும். தக்காளி, பீன்ஸ் இலைகளில் தெரியும் வெள்ளைக் கோலங்களில் பல, லிரியோமைசா என்ற ஈயின் வேலை. இலையை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எச்சம் நடுவில் ஒரே கோடாகப் போனால் அந்துப்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரு ஓரங்களிலும் மாறி மாறி விழுந்திருந்தால் ஈயாக இருக்கலாம். உறுதியாகச் சொல்லப் புழுவைத்தான் பார்க்க வேண்டும். அந்துப்பூச்சிப் புழுவுக்குத் தனியான தலை உண்டு. ஈயின் புழுவுக்குத் தலை கிடையாது, கறுப்பாக வாய்க் கொக்கி மட்டும் தெரியும்.

தக்காளியில் கோடாக இல்லாமல் அகலத் திட்டாக, உள்ளே எச்சம் சிதறிக் கிடந்தால் டூட்டா அப்சொல்யூட்டாவைச் சந்தேகப்படுங்கள். இது அந்துப்பூச்சிதான். தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, இந்தியாவில் 2014இல் தெரியவந்தது. காயையும் துளைக்கும்.

படி 3: செடியின் பெயரை முதலில் எழுதுங்கள்

இலைத்துளைப்பான்களில் பல, ஒன்றிரண்டு செடி வகைகளைத் தவிர வேறெதையும் தொடாது. அதனால் செடி தெரிந்தால் பூச்சியில் பாதி தெரிந்த மாதிரி. பெங்களூர்த் தெருக்களில் அடுத்துப் பார்க்க வேண்டியது புங்க மரம் (தோட்டக்காரரிடம் ஹொங்கே என்று கேளுங்கள்). அதில் கோட்டுக்குப் பதில் கொப்புளம் போன்ற திட்டுகள் இருக்கும். முந்திரி, மாங்கொழுந்தில் அக்ரோசெர்காப்ஸ் சின்கிரம்மா என்ற அந்துப்பூச்சியின் கொப்புளங்களைத் தேடலாம். லால்பாக், கப்பன் பார்க்கில் படம் மட்டும் எடுங்கள், இலையைப் பறிக்காதீர்கள்.

படி 4: வளர்த்துப் பாருங்கள்

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். எலுமிச்சை இலையின் ஓரம் சின்னதாக மடிந்து ஒட்டியிருக்கிறதா? அதற்குள் புழு கூட்டுப்புழுவாக மாறியிருக்கும். அப்படிப்பட்ட இலையை மட்டும் கிள்ளுங்கள். இளம் புழு உள்ள இலையைப் பறித்தால் இலை வாடிப் புழுவும் செத்துப்போகும். வேறு இலைக்குப் போக அதற்கு வழியில்லை.

டப்பாவில் லேசாக ஈரப்படுத்திய டிஷ்யூவை விரித்து இலையை வையுங்கள். ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும். வெயில் படாத இடத்தில் வைத்துத் தினமும் காலையில் பாருங்கள். கூட்டுப்புழுப் பருவம் சுமார் 1 முதல் 3 வாரம். வெளிவரும் பூச்சி வெள்ளி வெள்ளை நிறம். முன்சிறகு நுனியில் ஒரு கரும்புள்ளி, லென்ஸில் பார்த்தால் கண் மாதிரி இருக்கும். டப்பாவைச் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் பூச்சி அசையாமல் நிற்கும், படம் எடுத்துவிட்டு வெளியே விடுங்கள்.

சில சமயம் பூச்சிக்குப் பதிலாக மிகச் சின்னக் குளவி ஒன்று வரும். ஏமாற்றமடைய வேண்டாம். புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி அது, அதையும் படமெடுத்துக் குறித்து வையுங்கள். நர்சரியில் காட்டினால் "மருந்து அடிச்சிடுங்க அக்கா" என்பார்கள். அடித்தால் முதலில் போவது இந்தக் குளவிதான். நாலைந்து இலையில் கோடு விழுந்ததால் வளர்ந்த செடி சாகாது. நாற்றாக இருந்தால் மட்டும் கவனம் தேவை, காயத்தின் வழியே சொறி நோய்க் கிருமி நுழையும்.

படி 5: குறித்து வையுங்கள்

காலியான தடமுள்ள இலையை நாளிதழுக்குள் வைத்து அழுத்திக் காயவிடுங்கள். கூடவே பென்சிலில் தேதி, இடம், செடியின் பெயர், பூச்சி வந்த நாள். ஐநேச்சுரலிஸ்ட்டில் (படம் போட்டால் மற்றவர்கள் உயிரினத்தின் பெயரைச் சொல்லும் இணையதளம்) ஏற்றுவதானால் முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்த தடம் என்று நாலு படமாவது போடுங்கள். அடிப்புறப் படத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியாவிட்டால் பெயர் சொல்பவர்களால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.