14 சர்வோ, ஒரு நண்டு: பல சர்வோ மோட்டர்களை ஒன்றாக இயக்குவது எப்படி?

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரம் நடந்தால், காலடி அதிர்வு பட்டவுடனேயே நண்டுகள் வளைக்குள் ஓடி மறையும். தரம் 8 படிக்கும் என் மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இப்படி ஒரு நண்டு எங்களால செய்யேலுமா?" என்று கேட்டாள். அப்படித் தொடங்கிய வேலை இது. ஆறு கால், காலுக்கு இரண்டு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறிய மோட்டர்), இரண்டு கொடுக்குக்கும் ஒவ்வொன்று என்று மொத்தம் 14. உண்மையான நண்டு எட்டுக் காலால் நடக்கும். அதற்கு 18 சர்வோ வேண்டும், ஒரு டிரைவர் போர்ட்டில் (பல சர்வோவுக்கும் சிக்னல் அனுப்பும் பலகை) 16 இடம்தான் உண்டு. அதனால் ஆறு காலோடு நிறுத்தினோம்.

ஆர்டுயினோவில் ஒரு புரோகிராமை ஏற்றவும் ஒரு சர்வோவை அசைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்றிலிருந்து பலவற்றுக்குப் போகும்போதுதான் சிக்கல் வருகிறது. அந்தச் சிக்கல் பெரும்பாலும் புரோகிராமில் இல்லை, மின்சாரத்தில்தான்.

என்னென்ன வேண்டும்?

ஆர்டுயினோ ஊனோ ஒன்று, பிசிஏ9685 சர்வோ டிரைவர் போர்ட் ஒன்று, கால்களுக்கு எம்ஜி90எஸ் சர்வோ 12, கொடுக்குகளுக்கு எஸ்ஜி90 இரண்டு. பிறகு 5 வோல்ற் 10 அம்பியர் பவர் சப்ளை, 1000 மைக்ரோ ஃபரட் கப்பாசிட்டர் (பாடசாலையில் கொள்ளளவி என்று படித்தோமே, அதுதான்), ஒரு மல்ரிமீற்றர்.

எஸ்ஜி90 விலை குறைவு, எடை 9 கிராம்தான். ஆனால் உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம். உடலின் பாரத்தைத் தாங்கும் காலில் போட்டால் பல் கழன்றுவிடும். காலுக்கு உலோகப் பற்சக்கரம் உள்ள எம்ஜி90எஸ்தான் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

டிரைவர் போர்ட் இல்லாமலும் செய்யலாம். ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரி ஊனோவில் 12 சர்வோ வரை இயக்கும். எங்களுக்கோ 14 வேண்டும். அதோடு அந்த லைப்ரரி 9ஆம், 10ஆம் பின்களின் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றிக் கட்டுப்படுத்தும் முறை) வசதியையும் எடுத்துக்கொண்டுவிடும். பிசிஏ9685 இரண்டே சிக்னல் வயரில் 16 சர்வோவைப் பார்த்துக்கொள்ளும். முதலிலேயே அதை வாங்கிவிடுங்கள்.

படி 1: மின்சாரக் கணக்கு

சர்வோ சும்மா நிற்கும்போது மிகக் கொஞ்சம்தான் இழுக்கும். முட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் நிற்கும்போது இந்தச் சிறிய சர்வோ ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 அம்பியர் இழுக்கும். 14 சர்வோவுக்கு 9.8 அம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் முட்டாதுதான், ஆனாலும் கணக்கை மோசமான நிலைக்கே போடுங்கள். ஊனோவின் யூஎஸ்பி வழியில் இருக்கும் ஃபியூஸ் 500 மில்லி அம்பியருக்கானது. அங்கிருந்து 14 சர்வோவுக்குக் கொடுக்க வழியே இல்லை.

பவர் சப்ளையின் 230 வோல்ற் பக்கத்தை வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு இணைத்து, மூடி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கைபடும் மேசை என்றால் இதில் அவசரம் வேண்டாம்.

படி 2: வயர் இணைப்பு

நான் நாலு இரவைத் தொலைத்த இடம் இது. அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

போர்ட்டின் ஓரத்தில் ஆறு பின் வரிசையாக இருக்கும்: ஜிஎன்டி (கிரவுண்ட்), ஓஈ, எஸ்சிஎல், எஸ்டிஏ (இவை இரண்டும் சிக்னலுக்கு), விசிசி, வி பிளஸ். கடைசி இரண்டும் அருகருகே இருக்கின்றன, பெயரும் ஒன்றுபோல் தெரிகிறது. ஆனால் வேலை வேறு. விசிசி என்பது சிப்புக்கான மின்சாரம். வி பிளஸ் என்பது சர்வோக்களுக்கான மின்சாரம். நான் இரண்டையும் ஆர்டுயினோவின் 5 வோல்ற்றில் செருகிவிட்டேன். ஒரு சர்வோவோடு சோதித்தபோது அழகாக வேலை செய்தது. மூன்று கால் பூட்டியதும் நண்டு எழும்பும், உடனே படுக்கும், மறுபடி எழும்பும். "மாமா, நண்டு நித்திரை தூங்கி விழுது" என்றாள் மருமகள்.

புரோகிராமில் பிழை என்று நினைத்து வரி வரியாகத் தேடினேன். கடைசியில், புரோகிராம் தொடங்கும் இடத்தில் சீரியல் மொனிற்றருக்கு "நண்டு எழும்பியது" என்று ஒரு வரி அனுப்ப வைத்தேன். ஒருமுறைதான் வர வேண்டிய வரி. ஏழு தடவை வந்து நின்றது. அப்போதுதான் விளங்கியது. சர்வோக்கள் மின்சாரத்தை இழுக்க வோல்ற்றேஜ் இறங்குகிறது, ஆர்டுயினோ ரீசெற் ஆகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. உங்கள் ரோபோ இப்படித் திரும்பத் திரும்ப முதல் நிலைக்கே வந்தால், எதையும் தேடுமுன் அந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள்.

சரியான இணைப்பு இதுதான். ஆர்டுயினோவின் 5 வோல்ற் விசிசிக்கு. ஏ4 பின் எஸ்டிஏவுக்கு, ஏ5 பின் எஸ்சிஎல்லுக்கு. ஜிஎன்டி ஜிஎன்டிக்கு. ஓரத்து வி பிளஸ் பின்னை வெறுமையாக விடுங்கள். பவர் சப்ளையின் பிளஸ், மைனஸ் இரண்டும் போர்ட்டின் நடுவில் உள்ள பச்சை நிற ஸ்குரூ ரேர்மினலுக்கு, கொஞ்சம் தடித்த வயரில். கப்பாசிட்டரும் அங்கேதான். அதில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

ஆர்டுயினோவுக்கும் போர்ட்டுக்கும் இடையிலுள்ள ஜிஎன்டி வயரை மட்டும் மறக்கவே கூடாது. கோணேசர் மலை இவ்வளவு உயரம் என்று கடல் மட்டத்திலிருந்துதானே சொல்கிறோம்? சிக்னலின் வோல்ற்றேஜும் அப்படித்தான், கிரவுண்டிலிருந்து அளக்கப்படுவது. இரண்டு பக்கமும் ஒரே கிரவுண்டைப் பார்க்காவிட்டால், ஒன்று அனுப்பும் சிக்னல் மற்றதற்கு விளங்காது.

படி 3: நடுவில் நிறுத்தி, பிறகு கொம்பைப் பூட்டுங்கள்

அடாஃப்ரூட்டின் பிடபிள்யூஎம் சர்வோ டிரைவர் லைப்ரரியை ஏற்றி, மீடிறனை (செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பதை) 50 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். ஒரு சுற்று 20 மில்லி செக்கன். போர்ட் அதை 4096 பங்காகப் பிரிக்கிறது. சர்வோவின் நடு நிலைக்கு 1.5 மில்லி செக்கன் துடிப்பு வேண்டும், அது 307 பங்கு. ஒரு மில்லி செக்கன் 205, இரண்டு மில்லி செக்கன் 410.

எல்லாச் சர்வோவுக்கும் முதலில் 307 அனுப்புங்கள். அவை நடுவில் வந்து நின்ற பிறகுதான் வெள்ளைக் கொம்பை (சர்வோவின் அச்சில் மாட்டும் சிறிய கை) பூட்ட வேண்டும். முன்கூட்டியே பூட்டினால் ஒரு கால் உடலோடு முட்டும், இன்னொன்று பாதிதான் திரும்பும்.

அப்புறம் ஒவ்வொரு காலையும் பத்துப் பத்தாக நகர்த்தி, "ம்ம்ம்" என்று உறுமத் தொடங்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து பத்து உள்ளே வந்தால் அதுதான் அந்தக் காலின் எல்லை. கொப்பியில் எழுதி வையுங்கள், 14 சர்வோவுக்கும் தனித்தனியாக. வலப்பக்கக் கால்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிராகத் திரும்பும். இடப்பக்கத்துக்கு 350 என்றால் வலப்பக்கத்துக்கு 614இலிருந்து (307இன் இரு மடங்கு) 350ஐக் கழித்து 264 அனுப்ப வேண்டும்.

படி 4: எல்லாம் ஒன்றாக அசைய

ஒரு சர்வோவை முழுதாகத் திருப்பி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கால்கள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக அசையும். இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒவ்வொரு சர்வோவும் இப்போது நிற்கும் எண், மற்றதில் போய்ச் சேர வேண்டிய எண். 20 மில்லி செக்கனுக்கு ஒருமுறை 14 சர்வோவையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றையும் இலக்கை நோக்கி நாலு பங்கு நகர்த்துங்கள். அசைவு மென்மையாகும், திடீர் இழுப்பும் குறையும்.

நடைக்கு, இடது முன், இடது பின், வலது நடு ஆகிய மூன்று கால்களையும் ஒன்றாகத் தூக்கி முன்வையுங்கள். மற்ற மூன்றும் நிலத்தில் நிற்கும். பிறகு மாற்றுங்கள். எப்போதும் மூன்று கால் ஊன்றியிருப்பதால் விழாது.

பின்சேர்க்கை 1: நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி, தன் ரோபோவின் ஒரு கால் மட்டும் துடிக்கிறது என்று எழுதியிருந்தார். விறாந்தையில் திறந்து வைத்திருந்தாராம். ஜம்பர் வயரின் முனையைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அந்த வயர்கள் தாங்காது. நிரந்தரமாக வைக்கும் ரோபோ என்றால் வயரைச் சோல்டர் செய்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மூடியுள்ள பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பின்சேர்க்கை 2: 307 அனுப்பியும் நடுவில் நிற்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். சிப்பின் உள்கடிகாரம் 25 மெகா ஹேர்ட்ஸ் என்று சொன்னாலும் போர்ட்டுக்குப் போர்ட் கொஞ்சம் மாறும். போர்ட்டின் ஒரு சிக்னல் பின்னை ஆர்டுயினோவின் 7ஆம் பின்னில் கொடுத்து, பல்ஸ்இன் கட்டளையால் அளந்து பாருங்கள். 1500 மைக்ரோ செக்கன் வர வேண்டிய இடத்தில் 1400 வந்தால், 25ஐ 1500ஆல் பெருக்கி 1400ஆல் வகுங்கள். ஏறத்தாழ 26.8 வரும். லைப்ரரியில் கடிகார வேகத்தை 26.8 மெகா ஹேர்ட்ஸ் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

பின்சேர்க்கை 3: ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 (3.3 வோல்ற்றில் இயங்கும் இன்னொரு போர்ட்) பாவிப்பவர்கள் விசிசியை 3.3 வோல்ற்றில் கொடுங்கள், 5இல் வேண்டாம். போர்ட்டில் எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் மின்தடை வழியாக விசிசியோடு இணைந்திருக்கின்றன. 5 வோல்ற் கொடுத்தால் அது ஈஎஸ்பி32இன் பின்களுக்கும் போய்ச் சேரும். எஸ்டிஏக்கு 21ஆம் பின், எஸ்சிஎல்லுக்கு 22ஆம் பின். ஸ்குரூ ரேர்மினலில் கொடுக்கும் 5 வோல்ற் அப்படியே இருக்கட்டும்.