பழம்பாறைகளை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய படிகப் பாறை ஒன்றைக் காட்டி “இதற்கு என்ன வயது?” என்று கேட்டதும் ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. இருநூறு, முந்நூறு கோடி ஆண்டுகளைக் கடந்த நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பட்டைப் பாறை), கிரானைட் போன்றவை ஒருமுறை உருவாகி அப்படியே கிடந்தவை அல்ல. குழம்பாக இருந்து உறைந்திருக்கும், அப்புறம் ஆழத்தில் புதைந்து வெந்து நெளிந்திருக்கும், விரிசல்களில் சுடுநீர் ஓடியிருக்கும், கடைசியில் மேலெழுந்து ஆறியிருக்கும். இவற்றில் எந்த நிகழ்வின் வயது நமக்குக் கிடைக்கும் என்பது எந்தக் கனிமத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சிர்கான் என்ற சின்னஞ்சிறு கனிமத்தில் யுரேனியம் சிதைந்து காரீயமாகும் கணக்கு 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் பெரும்பாலும் அழியாது. அதே கல்லில் உள்ள கறுப்பு மைக்காவிலோ, பாறை சுமார் 300 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கான் வாயு தங்கத் தொடங்கும். ஆக, கைப்பிடி அளவு கல்லிலேயே பல கோடி ஆண்டுகள் வித்தியாசப்படும் இரண்டு வயதுகள் கிடைக்கலாம். இரண்டுமே சரிதான்: ஒன்று பாறை உறைந்த காலம், மற்றது ஆறிய காலம். பொருந்தவில்லையே என்று ஒன்றைத் தூக்கி எறிந்தால் பாறையின் பாதி வரலாறு போய்விடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் இதற்கு நல்ல பாடம். அங்கே கிடைத்த சிர்கான் துகள்களில் மிகப் பழையதன் வயது சுமார் 440 கோடி ஆண்டுகள். உடனே “உலகின் மிகப் பழைய பாறை” என்று எழுதிவிடுகிறார்கள். துகள் பழையது, பாறை பழையதல்ல. அந்தத் துகள்கள் இருப்பது சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சரளைக்கல் பாறையில். அவை பிறந்த தாய்ப்பாறை அரிக்கப்பட்டுக் காணாமலே போய்விட்டது. பாறை என்று பார்த்தால், கனடாவின் அகாஸ்டா நைஸ் சுமார் 403 கோடி ஆண்டு வயதுடையது. அதே கனடாவின் நுவ்வுவாகிட்டுக் பகுதிப் பாறைகளுக்கு 2008-இல் 428 கோடி ஆண்டுகள் என்று ஒரு வயது வெளியானது. அது பாறையின் வயதா, அல்லது பாறை உருவான மூலப்பொருளின் வயதா என்ற வாதம் உடனே கிளம்பியது. கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: இந்த எண் எதன் வயது?

சிர்கானுக்கு உள்ளேயும் இதே சிக்கல் உண்டு. எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் படமெடுத்தால் பழைய நடுப்பகுதியும், பிற்கால உருமாற்றத்தில் அதன்மேல் வளர்ந்த விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். படம் எடுக்காமலே அளந்தால் இரண்டும் கலந்து, எந்த நிகழ்வும் நடந்திராத ஒரு காலம் வயதாக வரும். யுரேனியத்தில் இரண்டு ஐசோடோப்புகள் (நிறை வேறுபட்ட அணு வகைகள்) இருப்பது பெரிய உதவி. யுரேனியம்-238-இன் அரைவாழ்வு (பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 447 கோடி ஆண்டுகள், 235-இன் அரைவாழ்வு சுமார் 70 கோடி. இரண்டும் தரும் வயது ஒத்துவராவிட்டால் காரீயம் கசிந்திருக்கலாம், அல்லது வெவ்வேறு காலத்துப் பகுதிகள் கலந்திருக்கலாம். அந்த முரண்பாட்டைச் சராசரி எடுத்து மறைப்பதை மன்னிக்கவே முடியாது என்பேன்.

ஆய்வகத்துக்குப் போகும் முன்பே நடக்கும் தவறுகளும் உண்டு. நிறத்தை வைத்துப் பெயர் சூட்டுவது ஒன்று. சார்னோக்கைட் என்ற பாறை கரும்பச்சையாக, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பாறை என்று பலர் ஏமாந்துவிடுவார்கள். ஆனால் அது கிரானைட்டைப் போலக் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் நிறைந்தது. 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் சந்தேகம் தீரும். நைஸில் தெரியும் கறுப்பு, வெள்ளைப் பட்டைகளைப் படிவு அடுக்குகள் என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. பெரும்பாலும் அவை வெப்பமும் அழுத்தமும் இழுப்பும் சேர்ந்து உண்டாக்கியவை. எது எதை வெட்டிச் செல்கிறது என்பதைக் களத்திலேயே வரைந்துகொள்ளுங்கள். வெட்டிச் செல்வதுதான் இளையது. ஆய்வக எண் அதற்கு மாறாக வந்தால் முதலில் எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது தங்க மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஒரு டன் சாதாரணப் பாறையில் சில மில்லிகிராம் தங்கமே இருக்கும், உரசல் ஒன்றே முடிவைக் கெடுக்கப் போதும். டங்ஸ்டன் கார்பைடு அரைப்பானில் பொடித்த மாதிரியில் டங்ஸ்டனும் கோபால்ட்டும் கூடிவிடும். அந்தத் தனிமங்களைத் தேடுபவர் வேறு அரைப்பானைப் பயன்படுத்த வேண்டும்.

தாதுப் படிவுகளுக்கு வந்தால், பாறைக்கும் தாதுவுக்கும் ஒரே வயது என்று நினைப்பதுதான் விலை உயர்ந்த தவறு. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் அப்படி நினைப்பது சரி. அங்கே குரோமியத் தாதுவான குரோமைட் பட்டைகள் சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறைக்குழம்பு ஆறும்போதே உருவானவை. கோலாரில் கதை வேறு. எரிமலைப் பாறைகள் முன்பே உருவாகிவிட்டன, தங்கம் பிறகு சுடுநீரோடு பிளவுகளில் ஏறிக் குவார்ட்ஸ் நரம்புகளில் படிந்தது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்க வயல்களிலோ சில தங்கத் துணுக்குகள் அவற்றைச் சுமக்கும் சரளைக்கல் பாறையைவிடப் பழையவை என்று ரீனியம் சிதைந்து ஆஸ்மியமாவதை அளக்கும் முறை காட்டியது. ஆற்றில் அடித்து வந்த தங்கமா, பிறகு சுடுநீர் கொண்டுவந்ததா என்ற வாதம் அங்கே நெடுங்காலம் நடந்திருக்கிறது. தாதுவைத் தேடி அடுத்த துளையை எங்கே போடுவது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது: குழம்பில் பிரிந்த தாது என்றால் அடுக்கைப் பின்தொடர வேண்டும், சுடுநீர் தந்தது என்றால் பிளவைத் தேட வேண்டும், ஆறு கொண்டுவந்தது என்றால் பழைய ஆற்றுத்தடத்தை.

மேற்பரப்பு மாதிரியை மட்டும் நம்பி ஆழத்தைக் கணிப்பதும் கூடாது. செம்பு சல்ஃபைடு உள்ள இடத்தில் மேலே துருப்பிடித்த இரும்புத் தொப்பிதான் மிஞ்சும். மழைநீர் செம்பைக் கரைத்துக் கீழே இறக்கி, நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டிச் செறிவாகச் சேர்த்திருக்கலாம். மேலே செம்பு குறைவு என்று கைவிட்டால் கீழே உள்ளதைத் தவறவிடுவோம். அந்தச் செறிந்த அடுக்கை மட்டும் அளந்து மொத்தப் படிவும் அப்படித்தான் என்று எழுதினால் அதற்கு நேர்மாறான தவறு. தங்கத்தில் இது இன்னும் மோசம்: ஒரு பெரிய துணுக்கு சிக்கினாலே அந்த மாதிரியின் அளவு எங்கோ போய்விடும். அதே இடத்தில் பெரிய மாதிரியாக மறுபடி எடுத்துச் சோதிக்காமல் அந்த எண்ணை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.