விழா மலரின் நடுவில் பக்கம் கூட்டுவது எப்படி

மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் சடங்குக்கு மலர் போடுகிறவர்களுக்குத் தெரியும்: ஆசிச் செய்திகள் பெரும்பாலும் கடைசிக் கிழமையில்தான் கைக்கு வரும். கட்டுரைகளெல்லாம் வைத்து முடித்த பிறகு முன்பகுதியில் பக்கம் கூட்ட வேண்டியிருக்கும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் அது அரை நிமிட வேலை. எத்தனை பக்கம், எந்த இடத்தில் என்று பார்க்காமல் கூட்டினால் பின்னாலுள்ள முழு மலரும் குழம்பிவிடும்.

எஃப்12 அழுத்தி பேஜஸ் பேனலைத் திறவுங்கள். கீழேயுள்ள கூட்டல் குறியை ஆல்ட்டோடு சேர்த்துக் கிளிக் செய்தால் இன்சர்ட் பேஜஸ் பெட்டி வரும். எத்தனை பக்கம், எந்தப் பக்கத்துக்கு முன் அல்லது பின், எந்த மாஸ்டர் (பக்க எண்ணும் அலங்காரமும் வைத்த மாதிரிப் பக்கம்) என்ற மூன்றையும் அதில் கொடுங்கள். மாஸ்டரை ‘நன்’ என்று விட்டால் புதிய பக்கத்தில் பக்க எண்ணும் ஓர அலங்காரமும் வராது. புதிய பதிப்புகளில் மாஸ்டருக்குப் பேரன்ட் என்று பெயர்.

ஃபேசிங் பேஜஸ், அதாவது இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிரே வரும் அமைப்பு, போட்ட கோப்பில் நடுவே ஒரே ஒரு பக்கத்தைச் சேர்க்காதீர்கள். அதற்குப் பின்னுள்ள இடப்பக்கமெல்லாம் வலப்பக்கமாகிவிடும். உள்மார்ஜினும் வெளிமார்ஜினும் வேறு அளவாக இருந்தால் எழுத்துப் பெட்டிகள் மார்ஜினில் பொருந்தாது. சடங்கின் நிறைவு நிகழ்வான திருக்குளிர்த்திப் படத்தை இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே விரித்து வைத்திருந்தால், அந்த இரண்டு பக்கமும் எதிரெதிரே வராமல் பிரிந்துபோகும். எப்போதும் இரண்டிரண்டாகச் சேருங்கள். செய்தி ஒன்றுதான் என்றால் மற்றப் பக்கத்துக்கு ஒரு விளம்பரமோ நன்றியுரையோ தேடுங்கள்.

நடுவில் மடித்துக் கம்பிப் பின் அடிக்கும் மலர் என்றால் இரண்டும் போதாது. மடித்த ஒரு தாளில் நான்கு பக்கம் வருவதால் மொத்தம் நான்கால் வகுபட வேண்டும். 48 பக்க மலரில் இரண்டு கூடினால் 50. அதை 52 ஆக்கித்தான் அச்சகத்துக்குக் கொடுக்க முடியும். ஒட்டும் பைண்டிங் என்றால் எத்தனை பக்கக் கட்டாக அச்சிடுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆசிச் செய்திகளுக்கு ரோமன் எண்ணும் கட்டுரைகளுக்கு 1 முதலும் போடுவது நல்ல வழக்கம். முன்பகுதியில் பக்கம் கூடினாலும் கட்டுரைகளின் எண் மாறாது, பொருளடக்கத்தையும் தொட வேண்டியதில்லை. முதல் கட்டுரைப் பக்கத்தைத் தெரிவு செய்து, லேஅவுட் மெனுவில் நம்பரிங் அன்ட் செக்ஷன் ஆப்ஷன்ஸ் போய், ஸ்டார்ட் செக்ஷனைப் போட்டு 1 கொடுங்கள். ரோமன் பக்கங்கள் மட்டும் இரட்டைப்படையில் முடிய வேண்டும். மூன்றில் முடிந்தால் 1ஆம் பக்கம் திரையில் வலப்பக்கமாகத்தான் தெரியும். அச்சில் மூன்றாம் பக்கத்தின் பின்புறமாக, இடப்பக்கமாக வந்துவிடும். திரையை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

பக்கம் விட்டுப் பக்கம் போக ஷிஃப்ட்டோடு பேஜ் டவுன், பேஜ் அப். கன்ட்ரோலையும் சேர்த்தால் கடைசிக்கும் முதலுக்கும் போகும். குறித்த பக்கத்துக்கு கன்ட்ரோல் ஜே அழுத்தி எண்ணைக் கொடுங்கள். எண் வரிசை இரண்டு இருக்கும் கோப்பில் +9 என்று அடித்தால், எந்த எண் போட்டிருந்தாலும் கோப்பின் ஒன்பதாவது பக்கத்துக்கே போகும்.

பேனலில் ஒரு பக்கத்தை ஒருமுறை கிளிக் செய்தால் அது தெரிவாகும், அவ்வளவுதான். திரை பழைய பக்கத்திலேயே நிற்கும். அந்தப் பக்கத்துக்குப் போக இரண்டு முறை கிளிக் செய்ய வேண்டும். இதைக் கவனியாமல் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தினால், கண்முன் இருப்பது அழியாது, பேனலில் தெரிவானதுதான் அழியும். உடனே கன்ட்ரோல் இசட் போடுங்கள்.

கூட்டிய பக்கத்துக்கு நீண்ட கட்டுரை தானாக ஓடிவரும் என்று நம்பி இருக்காதீர்கள். முந்தைய பெட்டியின் கீழ் மூலையில் சிவப்புக் கூட்டல் தெரிந்தால் எழுத்து மிஞ்சி நிற்கிறது. அதைத் தெரிவுக் கருவியால் கிளிக் செய்து, புதிய பக்கத்தின் மார்ஜினுக்குள் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். மிச்சம் அங்கே இறங்கும்.