சுதந்திர தின சார்ட்: பசங்க கையாலயே எழுத வைக்கிறது எப்படி?

ஆகஸ்ட் 13 ராத்திரி டைரியை நீட்டி "சுதந்திர தினத்துக்கு சார்ட் எழுதிட்டு வரணுமாம்"னு சொல்ற புள்ளைங்க எல்லா வீட்லயும் உண்டு, எங்க வீட்ல இருக்கிறது நாலாங்கிளாஸ் படிக்கிறா. போன வருஷம் தூக்கக் கலக்கத்துல நானே முழுசா எழுதிக் குடுத்தேன், "விடுதலை"க்கு சிறப்பு ழ போட்டு வச்சிருக்கேன், அது கிளாஸ் செவுத்துல ஒரு வாரம் தொங்குச்சு. மானம் போச்சு. இந்த வருஷம் பென்சில் கோடு மட்டும்தான் நான், மிச்சம் எல்லாம் அவளே.

ஸ்டெப் 1: வாங்க வேண்டியது

வெள்ளை சார்ட் ரெண்டு (ஒண்ணு கண்டிப்பா பாழாகும்), பென்சில், ரப்பர், பெரிய ஸ்கேல், காம்பஸ், கருப்பு மார்க்கர், க்ரேயான்ஸ். முன்னாடியே வாங்கிடுங்க, கடைசி நாள் போனா கடையில ரோஸ் கலர்தான் மிஞ்சியிருக்கும். சார்ட்டைத் தடவிப் பாருங்க, ஒரு பக்கம் கொஞ்சம் வழவழன்னு இருந்தா அதை விட்டுட்டு சொரசொர பக்கத்துல எழுதுங்க, க்ரேயான்ஸ் அதுலதான் நல்லா பிடிக்கும்.

ஸ்டெப் 2: ஒரே ஒரு ஆளு

காந்தி, நேரு, நேதாஜி, பாரதின்னு பத்து படம் பிரிண்ட் எடுத்து ஒட்டினா கடைசி பெஞ்ச்ல இருந்து ஒண்ணும் தெரியாது. ஒருத்தரை எடுத்துக்கோங்க, மூணே வரி போதும். நாங்க வ.உ.சி.யை எடுத்தோம். 1872 செப்டம்பர் 5ல ஒட்டப்பிடாரத்துல பிறந்தாரு, 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டாரு, 1908ல கைதாகி ஜெயில்ல செக்கு இழுத்தாரு. இவ்ளோதான்.

ஆனா இதை நீங்க சொல்ல சொல்ல அவங்க எழுதக்கூடாது, கதையா சொல்லிட்டு அவங்க வாயால திரும்ப சொல்ல விடுங்க. எங்க வீட்ல "செக்குன்னா என்னம்மா, பேங்க்ல குடுப்பாங்களே அதுவா?"ன்னு கேட்டா பாருங்க, எனக்கு சிரிப்பு தாங்கல. அப்புறம் அடுப்பங்கரையில இருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துட்டு வந்து, எள்ளை கல்லுல போட்டு மாடு சுத்தி சுத்தி இழுத்துதான் முன்னாடி எண்ணெய் எடுப்பாங்க, அந்த மாட்டு வேலையைத்தான் வக்கீலுக்குப் படிச்ச மனுஷனை கோயம்புத்தூர் ஜெயில்ல செய்ய வச்சாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவளா எழுதின வரி: "மாடு செய்யும் வேலையை வ.உ.சி. நமக்காகச் செய்தார்." நான் யோசிச்சிருந்தா இப்படி வந்திருக்காது.

ஸ்டெப் 3: தலைப்பு அளவு

இங்கதான் எல்லாரும் சொதப்புறது. பெருசா ஆரம்பிச்சு கடைசி ரெண்டு எழுத்து ஓரத்துல நசுங்கிப் போயிடும். தமிழ்ல எழுத்தை எண்ணினா மட்டும் பத்தாது, எத்தனை கட்டம் புடிக்கும்னு எண்ணணும். "கப்பலோட்டிய தமிழன்" 11 எழுத்துதான், ஆனா "லோ"வுக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி கால்னு மூணு கட்டம் வேணும், நடுவுல ஒரு இடைவெளி, ஆக 14 கட்டம். சார்ட்டைப் படுக்க வச்சா அகலம் சுமார் 70 செ.மீ. வரும். கட்டத்துக்கு 4 செ.மீ. வச்சா 56, மிச்சம் 14ஐ ரெண்டு பக்கமும் ஏழு ஏழா விட்டுடுங்க. மேலயும் கீழயும் லேசா பென்சில் கோடு, அழுத்திப் போட்டா ரப்பருக்குப் போகாது.

ஸ்டெப் 4: படமும் கொடியும்

கப்பல் வரையிறது ஈஸி, ஒரு படகு, மேல ரெண்டு புகைக்கூண்டு. ஆனா அந்தக் கப்பல் மேல நம்ம மூவர்ணக் கொடியை வரைய விடாதீங்க, அது இப்ப இருக்கிற மாதிரி ஏத்துக்கிட்டதே 1947 ஜூலை 22ல தான், வ.உ.சி. 1936லயே இறந்துட்டாரு. "அப்ப அவரு நம்ம கொடியைப் பாக்கவே இல்லியா?"ன்னு முகம் சுருங்கிடுச்சு இவளுக்கு. அதனால கப்பலை ஒரு மூலையில, கொடியை எதிர் மூலையில தனியா வரைஞ்சோம்.

கொடிக்கு நீளம் அகலம் 3க்கு 2. நாங்க 18க்கு 12 செ.மீ. போட்டோம், ஒவ்வொரு பட்டையும் 4 செ.மீ., மேல காவி, கீழ பச்சை, நடுவுல சார்ட்டோட வெள்ளையே போதும். சக்கரத்துக்கு 3 செ.மீ. விட்டத்துல ஒரு வட்டம், கருநீலம். 24 ஆரத்துக்கு பாகைமானி எல்லாம் வேணாம், முதல்ல கூட்டல் குறி போடுங்க, அது மேல பெருக்கல் குறி, எட்டு ஆயிடுச்சா, இப்ப ஒவ்வொரு சந்துலயும் ரெண்டு ரெண்டு கோடு, பதினாறு, மொத்தம் 24. பேனா முனை மெல்லிசா இருக்கணும், இல்லன்னா நடுவுல மை கட்டிக்கும். வெள்ளைப் பட்டையில இடம் இருக்கேன்னு "ஜெய் ஹிந்த்" எழுதப் போவாங்க, கொடி மேல எதுவும் எழுதக்கூடாதுன்னு விதியே இருக்கு, வெளிய எழுத சொல்லுங்க.

ஸ்டெப் 5: மார்க்கர்

மேல இருந்து கீழ, இடமிருந்து வலம், கைக்கு அடியில ஒரு வெள்ளைத் தாள். அடிச்சு திருத்தினது ரெண்டு இருந்தா இருக்கட்டும், நீங்க மார்க்கரைப் புடுங்காதீங்க (எனக்கு கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு). எழுத்துப்பிழையை மட்டும் பென்சில்ல இருக்கும்போதே பாத்துடுங்க, "வாழ்த்துகள்"ல "து"வுக்கும் "க"வுக்கும் நடுவுல "க்" வேணாம்.

பத்து நிமிஷம் காய விட்டு அப்புறம் பென்சில் கோட்டை அழிங்க, சுருட்டி லூசா ரெண்டு ரப்பர் பேண்ட், மேல பழைய நியூஸ்பேப்பர். ஸ்கூல் வேன்ல சீட்டுக்கு அடியில போட்டுடுவாங்க, கையிலயே வச்சுக்க சொல்லுங்க. பின்பக்கம் பேரும் கிளாஸும் பென்சில்ல.